பக்கம் 288

மார்ச் மாதம். சஸ்காட்சுவானின் வடகோடி.
பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில்
ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களும்
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே.
வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
உள்ளே ஆளுக்குப் பத்து நிமிடம்.

கடிகாரம் கொண்டுவர மறந்துவிட்டார்கள்.
சுவரிலிருந்த ஆட்டப் பலகையை ஓடவிட்டோம்.
உள்ளூர் பூஜ்யம், வெளியூர் பூஜ்யம்,
நடுவே சிவப்பில் இறங்கும் நேரம்.
யார் எந்த அணி என்று ஒருவரும் கேட்கவில்லை.
நான் கேட்க முடியாது. சுருக்கெழுத்தாளர்.
கேட்பது என் வேலை, கேள்வி கேட்பதல்ல.

நிறுவனத்துக்கு ஒன்றரை மணி நேரம்.
படங்கள் தெளிவாகவே இருந்தன.
யுரேனியம் மஞ்சள், கழிவுக்குட்டை இளம்பச்சை,
பத்தாயிரம் ஆண்டு என்பது
திரையில் ஒரு சாண் அம்புக்குறி.
அறிக்கை ஏழு தொகுதி, ஊருக்கு ஒரு பிரதி,
காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தது.
மூன்றாம் தொகுதியின் மேல்
கோப்பை வைத்த வட்டக் கறை.

முதலில் ட்ரேடன் லாபன், இருபத்திரண்டு வயது.
'லாரி ஓட்டத் தெரியும்.
வேலை வேண்டும்.
ஊரைவிட்டுப் போகப் பிடிக்கவில்லை.'
நாற்பது விநாடியில் உட்கார்ந்துவிட்டான்.
அவன் மிச்சம் வைத்த ஒன்பது நிமிடத்தைத்
தான் எடுத்துக்கொள்ளலாமா என்றாள் அவன் அத்தை.
விதியில் இடமில்லை என்றார் தலைவர்,
உண்மையான வருத்தத்தோடு.

அத்தையின் முறை வந்தது. பிலோமீன் யூயா, எண் பதினாறு.
பழைய சுரங்கத்தின் சமையற்கட்டில் பதினோரு வருடம்.
இந்தக் கோட்டு அந்தச் சம்பளத்தில் வாங்கியது என்று
ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாள்.
'இறக்குவதற்கு முன்னால் உப்புப் பார்க்கச் சொல்வேன் நான்.
நீங்கள் பாத்திரம் கழுவியான பிறகு
உப்பு போதுமா என்கிறீர்கள்.'
[சிரிப்பு] என்று எழுதினேன்.

பிறகு டெனே மொழிக்கு மாறினாள்.
மொழிபெயர்ப்பாளர் ஏறவேண்டிய விமானம்
பனிமூட்டத்தில் கிளம்பவே இல்லை.
ஆட்டப் பலகை நிற்கவில்லை.
ஆறு நிமிடம் பேசினாள்.
இரு கையால் ஏதோ அளவு காட்டினாள்,
மீனோ, பிறந்த குழந்தையோ.
ஒருமுறை கதவைச் சுட்டினாள், எல்லோரும் திரும்பினோம்.
பின்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க
அவர் பக்கத்திலேயே ஒருத்தி குலுங்கிச் சிரித்தாள்.
ஒரு சொல் மட்டும் நான்கு முறை வந்தது,
இடத்தின் பெயரா, ஆளின் பெயரா, தெரியாது.

நிமிடத்துக்கு இருநூற்றிருபது சொல் அடிப்பேன்.
அந்த ஆறு நிமிடத்தில் அடித்தது மூன்று:
[வேற்று மொழியில் பேசுகிறார்].

பலகை அலறியது.
நிறுத்தும் பொத்தான் யாருக்கும் அகப்படவில்லை.
ட்ரேடன் எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கினான்.
இரண்டு பூஜ்யங்களும் அணைந்தன.
'நன்றி, உங்கள் கருத்து பதிவாகிவிட்டது.'

ஏழு வாரம் கழித்து உரிமம் வந்தது,
முப்பத்தொரு நிபந்தனைகளோடு.
நாற்பத்திரண்டாம் பத்தி:
மக்கள் பங்கேற்பு போதுமான அளவில் நடந்தது.
காண்க, பக்கம் 288.

கண்டேன்.
மூன்று சொல், ஒரு ஜோடி அடைப்புக்குறி,
மீதி வெள்ளை.
கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து:
இது உண்மையான, முழுமையான பதிவு.

ஒலிநாடா என்னிடம் இருக்கிறது.
சாப்பாட்டு மேசையில் ஓடவிட்டு
அந்த ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன்.
நடுவில் ஒரு சின்ன விக்கல் மாதிரி நிற்கிறது,
அதற்கு என் இயந்திரத்தில் விசை இல்லை.

திருத்தப் படிவம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.
பக்கம்: 288. வரி: 9.
நீக்க வேண்டிய சொல்: வேற்று.
சேர்க்க வேண்டிய சொல்:

பேனாவின் மூடி
இன்னும் வாயில் இருக்கிறது.